தட்டு வாங்காத வக்கீல்

இன்று காலை மாடிப்படி இறங்கும்போது புது அரிசி மணத்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் இளம் வக்கீலுக்கு யாரோ பெரிய கட்சிக்காரர் பொங்கல் தட்டு அனுப்பியிருந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் வாய் தைத்த அரிசிச் சிப்பம். வக்கீலின் மனைவி சந்தோஷமாக அதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். மன்னார்புரத்தில் பஸ் பிடிக்கக் கிளம்பியவன் போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தட்டைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது.

இன்டர்மீடியட் படித்தபோது நமக்கு ஒரே விடுதி, ஒரே அறை. நான் பாலக்கரையில் மாதா கோவில் மணிக்கு எழுந்து பழகிய கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. நீ கொள்ளிடத்துக்கு வடக்கே, ஒரு மாஜிஸ்டிரேட் கோர்ட்டும் ஒரு வாரச்சந்தையும் உள்ள சிற்றூரின் சேரியிலிருந்து வந்தவன். படித்து முடித்ததும் நான் திருச்சி நாளிதழ் ஒன்றில் கோர்ட்டுச் செய்தி எழுதச் சேர்ந்தேன். நீ வாத்தியார் பயிற்சி முடித்து உன் ஊர் போர்டு ஸ்கூலுக்கே வேலைக்குப் போனாய். வேறு ஊர் கேட்டிருக்கலாமே என்றதற்கு, "சொந்த வீடு இருக்கு, வாடகை மிச்சம்டா" என்று சிரித்தாய்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து அதிக நாள் ஆகவில்லை. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தைக் காட்ட நீ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துப் போனாய். திரும்பி வந்து ஊரில் இறங்கும்போது நல்ல மழை. பிள்ளைகளைக் கடைவீதிக் காபி கிளப்புக்குள் கூட்டிப் போய், எல்லாரையும் ஒரே வரிசையாகப் பெஞ்சில் உட்கார வைத்தாய். உங்கள் தெருக்காரர்கள் கொல்லைப்புறம் நிற்க வேண்டும், ஆணியில் தொங்கும் கண்ணாடித் தம்ளரை எடுத்து நீட்டிக் காபி வாங்கிக் குடித்துவிட்டு, கழுவி அதே ஆணியில் மாட்ட வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து மரியாதையாகத்தான் சொன்னாராம். "வாத்தியாரே, நீங்க படிச்சவங்க. உங்களுக்கு இங்கயே தரச் சொல்றேன். உங்க தெருப் பிள்ளைங்களை மட்டும் பின்னால அனுப்பிடுங்க."

அந்த மரியாதைதான் உன்னைச் சுட்டது என்று பிற்பாடு சொன்னாய். யாரும் ஒரு வாய் குடிக்காமல், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் எழுப்பி, நனைய நனைய போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக் கொண்டுபோய் புகார் எழுதிக் கொடுத்தாய். அங்கே புதிதாக மாற்றலாகி வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர், ஊர் வழக்கம் தெரியாதவர், அதைப் பதிவும் செய்துவிட்டார்.

காபி கிளப் இருந்த கட்டடம் பெரிய பண்ணைக்குச் சொந்தம். அந்த ஊரில் பண்ணைக்குச் சொந்தமில்லாதது மழையும் போஸ்டாபீஸும் மட்டுந்தான் என்பாய் நீ. சில நாளில் பள்ளிக்கூடத்தின் ஒரே சுவர்க் கடிகாரம் காணாமல் போனதாகத் தலைமையாசிரியர் புகார் கொடுத்தார். தேடி வந்தவர்கள் நேராக உன் அப்பாவின் கூரைவீட்டுக்கு வந்து, ஓலைக்குள் கைவிட்டு அதை எடுத்தார்கள். வேலையிலிருந்து உன்னை நிறுத்தினார்கள். ஜாமீன் கிடைத்தது. ஆனால் காலையிலும் மாலையிலும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கையெழுத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவே திருச்சிக்குப் போய்த் திரும்ப பஸ் கிடையாது. திருட்டு ருசுவானால் வாத்தியார் வேலை போய்விடும். புகாரை வாபஸ் வாங்கினால் கடிகாரக் கேஸும் கரைந்துவிடும் என்று தலைமையாசிரியர் மூலமாகவே சொல்லியனுப்பினார்கள். வாங்க மாட்டேன் என்றாய். அப்படியானால் வக்கீல் வேண்டும்.

வக்கீல் பிடிப்பது சுலபம் என்றுதான் நான் நினைத்தேன். கோர்ட்டுச் செய்தி எழுதுகிறவனுக்குத் தெரியாத வக்கீலா? உன் ஊர் வக்கீல்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனபோதுதான் தட்டு என்றால் என்னவென்று தெரிந்தது. மாட்டுப் பொங்கலன்று பண்ணைக் காரியஸ்தர் வண்டி கட்டிக்கொண்டு, கேஸ் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வக்கீல் வீட்டு வாசலிலும் தாம்பாளமும் அரிசியும் இறக்குவார். வாங்கிக்கொண்டவர் அடுத்த பொங்கல் வரை பண்ணைக்கு எதிராகவோ, பண்ணை ஆதரிக்கிற யாருக்கும் எதிராகவோ வக்காலத்துப் போடக் கூடாது. இதற்கு எழுத்து ஒன்றும் கிடையாது. ரிஜிஸ்டர் பத்திரத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

மூத்த வக்கீல் மிகவும் வருத்தப்பட்டார். எனக்கு மோர் கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று விசிறியும் கொடுத்துவிட்டு, "தம்பி, நான் தட்டு வாங்கினவன்" என்றார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் இருந்தது அந்தக் குரல். அடுத்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே கைகூப்பி அனுப்பிவிட்டார். ஓர் இளைஞர் மட்டும் ஆசைப்பட்டார். அவருடைய மாமனார் பண்ணையில் குத்தகைதாரர். திருச்சிக்கு வந்து கேட்டேன். செஷன்ஸ் கோர்ட்டில் கொலைக் கேஸ் நடத்துகிறவர்கள், சுவர்க் கடிகாரத்துக்காகச் சிற்றூர் கோர்ட்டில் வந்து நிற்பதா என்று சிரித்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் உன் ஊருக்கு வந்து, ஸ்டேஷன் வாசலில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வரை நின்று, கிடைக்கவில்லை என்று சொல்வேன். "ஊரைச் சுத்தி வேலி இல்லடா. ஆனா போறதுக்கு வழியும் இல்ல" என்றாய் ஒரு தடவை. தெருவில் உன்னோடு பேசுவதை ஆட்கள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா பண்ணையாள். அவரை வேலைக்குக் கூப்பிடுவதும் அநேகமாக நின்றுபோயிருந்தது.

கடைசியில் கோர்ட்டுக் கேண்டீனில்தான் இன்னொருவர் பேச்சு வந்தது. சுதந்திரம் வந்த புதிதில், விசாரணையில்லாமல் உள்ளே வைத்த தொழிற்சங்கக்காரர்களுக்காக ஹைகோர்ட் வரைக்கும் மனுப் போட்டு, ஒவ்வொருவராக வெளியே எடுத்த ஸ்ரீரங்கத்து வக்கீல். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் கேஸ் எடுப்பதில்லை என்றார்கள். அவருக்கும் பண்ணையிலிருந்து ஒரு வருஷம் தட்டு போயிற்றாம். 'எங்காத்துல வெளி அரிசி சேர்க்கறதில்லே' என்று வண்டியைத் திருப்பிவிட்டாராம்.

சித்திரை வீதியில் அவர் வீட்டு முன்கூடத்தில், நெற்றியில் திருமண்ணோடு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. உன் சம்சாரம் பிள்ளைத்தாய்ச்சியா, தண்ணீர் எந்தக் கிணற்றில் எடுக்கிறீர்கள், வீடு யார் மனையில் இருக்கிறது என்று கேட்டார். மனை பண்ணையுடையது, வீடு மட்டும் அப்பா கட்டியது என்றேன்.

"கேஸ் கோர்ட்டுல தோக்கறதில்லே சார். கோர்ட்டுக்கு வர வழியிலேயே தோத்துடறது. நான் அவரைப் பார்க்கணும்" என்றார்.

கட்சிக்காரன்தான் வக்கீல் வீட்டுக்குப் போவான். உன்னால் வர முடியாததால் அவர் வந்தார். வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவர் உங்கள் தெருவுக்குள் நடந்து வந்ததைப் பார்க்க ஆட்கள் வேலியோரம் நின்றார்கள். உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, இங்க வரலாமுங்களா" என்று தடுமாறினார். புங்கமரத்தடியில் பெஞ்சு போட்டோம். உன் சம்சாரம் பளபளவென்று தேய்த்த செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அவர் செம்பைத் தொடவில்லை. "வேண்டாம்மா" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "நான் இதைக் குடிச்சா ஊர்ப் பேச்சு என்னைப் பத்தித் திரும்பிடும், வாத்யாரே. கேஸ் உங்களைப் பத்தி" என்றார்.

நீ சிரித்தாய். "நல்ல சாக்கு சார்" என்றாய்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "சாக்குன்னே வெச்சுக்கோங்கோ. எனக்கு ஆசாரமும் உண்டு, சட்டமும் தெரியும். ரெண்டையும் சேர்த்துத்தான் என்னை அமர்த்தணும். ஒண்ணை மட்டும் எடுத்துக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று எழுந்தார். ஃபீஸ் என்ன என்று நீ கேட்டாய். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஜெயிச்சா உங்களுக்கே செலவு ஜாஸ்தி" என்றார். அப்போது நமக்கு அது விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் சம்சாரம் அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்தாள். நீ ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே என்னிடம் சொன்னாய்: "ஊர்ல அத்தனை வக்கீலும் பண்ணைத் தட்டை வாங்கினவங்க. வாங்காத ஒருத்தர், என் வீட்டுச் செம்பையும் வாங்க மாட்டார். எந்த மடியால அரிசியைத் திருப்பினாரோ அதே மடியாலதான் தண்ணியையும் திருப்பறார். இதுல நான் எதை எடுக்கறதுடா?" கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், "வரச் சொல்லு" என்றாய்.

கடிகாரக் கேஸை அவர் நடத்திய விதத்தை நான் எத்தனையோ இளம் நிருபர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் பூட்டிய பிறகு திருட்டுப் போனதாகப் புகார். கூரையிலிருந்து எடுத்தது அடுத்த வியாழக்கிழமை. கூண்டில் ஏறிய தலைமையாசிரியரிடம் அவர் திருட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் புகழ்ந்தார். ஜில்லாவிலேயே நேரம் தவறாத பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வாஸ்தவமா என்றார். வாஸ்தவந்தான் என்றார் தலைமையாசிரியர். அந்த வாரமும் தவறவில்லையா என்றார். ஒருநாளும் தவறாது, பியூன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மணி அடிப்பான் என்று தலை நிமிர்ந்து சொன்னார் அவர். திங்கட்கிழமை? திங்கட்கிழமையும். செவ்வாய்? செவ்வாயும். "ரொம்ப சந்தோஷம்" என்று கிழவர் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்த பிறகுதான் தலைமையாசிரியருக்குத் தான் சொன்னது உறைத்தது. பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு, தன் மணி ஒரு வாரம் தப்பியது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

நீ விடுதலையாகி வேலைக்குத் திரும்பினாய். ஆணியில் தொங்கிய தம்ளர்கள் பற்றிய கேஸ் மட்டும் மிச்சமிருந்தது. அதைப் போலீஸ்தான் நடத்தியது, கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க மட்டும் வந்தார். நாம் பாதி ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் காரியஸ்தர் உன் அப்பாவிடம் போனார். ஒன்றும் மிரட்டவில்லை. மனையை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம், பையன் கிளப் கேஸில் சமாதானமாக, ராஜியாகப் போய்விட்டால் அவசரமில்லை என்றார். உன் அப்பா உன் காலில் விழப் போனார் என்று நீ சொன்னாய். அவர் கட்டிய வீடு, உன் அம்மா செத்த வீடு. ராஜியாகப் போக முடிவு செய்தாய். ஸ்ரீரங்கத்துக்கு என்னையே தூது அனுப்பினாய். கிழவர் கோபிப்பார் என்று பயந்து போனேன். கோபிக்கவில்லை. "அவர் அப்பா, அவர் வீடு. நான் யார் சொல்ல" என்றார். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும். இந்தச் சட்டத்துல ராஜிக்குக் கோர்ட்டோட அனுமதி வேணும். மாஜிஸ்டிரேட் ஒரு கேள்வி கேப்பார். எல்லாரும் ஆமான்னுடுவா. அதோட முடிஞ்சுது."

முடிந்துவிடும் என்றுதான் அன்று எல்லாரும் வந்திருந்தார்கள். காபி கிளப் முதலாளி புது வேட்டி கட்டியிருந்தார். உன் அப்பா வராந்தாத் தூணோரம் நின்றார். நான் குறிப்பு எடுக்கக்கூட பென்சிலை வெளியே எடுக்கவில்லை. நீ கூண்டில் ஏறினாய். மாஜிஸ்டிரேட் ராஜி மனுவைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல், "இது உம்முடைய சொந்த இஷ்டப்படிதானே?" என்று கேட்டார்.

நீ பேசவில்லை. அவர் நிமிர்ந்து மறுபடி கேட்டார்.

"இல்லீங்க" என்றாய்.

"எங்க அப்பா வீடு அவங்க மனையில இருக்குதுங்க. அதனாலதான் எழுதிக் குடுத்தேன்" என்றாய். மாஜிஸ்டிரேட் கிழவரைப் பார்த்தார். கிழவர் எழுந்திருக்கவே இல்லை, முகத்தைக் குடைக் கைப்பிடியின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அனுமதி மறுக்கப்பட்டது. கேஸ் நடந்தது. முதலாளிக்குச் சின்ன அபராதம் விதித்தார்கள். என் பத்திரிகையில் உள்பக்கத்தில், மாட்டுச் சந்தைச் செய்திக்குக் கீழே, நான்கு வரி வந்தது.

வெளியே வந்ததும் நீ என்னிடம், "ஆமான்னு சொல்லத்தான்டா ஏறினேன்" என்றாய். தூணோரம் பார்த்தேன். உன் அப்பா போய்விட்டிருந்தார்.

நாம் மூவரும் கடைவீதி வழியாக பஸ்ஸுக்கு நடந்தோம். காபி கிளப் வாசலில் கிழவர் நின்றார். "உள்ளே போய்க் குடிச்சுட்டு வாங்கோ, வாத்யாரே" என்றார். நீங்களும் வாங்க சார் என்றாய், வேண்டுமென்றே. "நான் வெளியிலே எங்கேயும் சாப்பிடறதில்லே. இங்கயே நிக்கறேன். எனக்கு வெளியிலே நின்னு பழக்கமில்லே. இன்னிக்குக் கொஞ்சம் பழகிக்கறேன்." நீ பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாய். வெயிலில் அவர் குடையை விரிக்காமல் நின்றார். காபி எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். "சிக்கரி ஜாஸ்தி" என்றாய்.

அந்த மாதமே மனை போயிற்று. உன் அப்பா ஆற்றங்கரைப் புறம்போக்கில் ஒண்டினார். அடுத்த வருஷம் போர்டு உன்னைப் பச்சைமலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது. பஸ் ஏறாத இடம். அறுபதுகளில் இரண்டு மூன்று தடவை உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து முன்னால் வைத்துவிட்டு, "தோத்தவனை ஊர்லயே வெச்சுக்குவாங்க. ஜெயிச்சவனைத்தான் மலைக்கு அனுப்புவாங்க" என்பாய். கிழவர் காலமான செய்தியை நான்தான் வந்து சொன்னேன். நீ, அவர் உன் வீட்டில் தண்ணீர் குடித்திருந்தால் அவரை மறப்பது சுலபமாக இருந்திருக்கும் என்றாய். நான் அதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வேண்டியிருக்கவில்லை.

உன் அப்பாவைக் கடைசியில் மலைக்கே அழைத்து வந்து வைத்திருந்தாய். அவர் வீட்டைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போன பிறகு நான் வந்தபோது கேட்டாய். "அன்னிக்கு ஆமான்னிருந்தா அப்பா அவர் கட்டுன கூரைக்கு அடியிலயே கண்ணை மூடியிருப்பார். இல்லைன்னதால நம்ம தெருப் பிள்ளைங்க இன்னிக்கு உள்ளே உக்காந்து குடிக்குது. நீயா இருந்தா எதைடா சொல்லியிருப்பே?"

நான் கோர்ட்டு நிருபன், பிறர் சொன்னதை எழுதத்தான் தெரியும் என்றேன். "அதையும் யாராவது செய்யணுமே" என்று கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாய். அடுத்த மழைக்காலத்தில், பாதை அடைபட்டிருந்த வாரத்தில், நீ காய்ச்சலில் போய்விட்டாய். செய்தி கீழே இறங்கி என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன் கேள்விக்குச் சில நாள் ஆமாம் என்று பதில் வைத்திருக்கிறேன், சில நாள் இல்லை என்று. எந்தப் பதிலானாலும் கூடவே வருவது அந்த வீட்டைப் பிரித்த காலைதான். பண்ணை ஆட்கள் இடிக்க வருவதற்குள் உன் அப்பா தானே கூரைமேல் ஏறியிருந்தார். ஒரு பாளைக் கயிற்றைக்கூட அறுக்காமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். ஓலைகளை அடுக்கினார். கடைசியில் பனை உத்தரத்தை இறக்கினார். நீ ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் தோளில் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தோம். பின்னாலேயே வந்த உன் அப்பா, உன்னிடம் பேசாதவர், என்னிடம் சொன்னார்: "பாத்து வா தம்பி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி எட்டு வைக்கணும். இல்லன்னா ஒருத்தர் மேலேயே பாரம் இறங்கிடும்."

என் மேலேயே இறங்கிவிட்டதடா. மறுமுனையில் இப்போது நீ இல்லை.